வீட்டில் நாலு பேருக்கு நாலு உலகமுடிவு

கேள்வி: எனக்கு வயது 27. அரச அலுவலகம் ஒன்றில் வேலை. தம்பி இந்த வருடம் ஏ.எல். சோதனை எழுதவேண்டியவன். சிநேகிதன் ஒருவனோடு ஜெபக் கூட்டத்துக்குப் போகத் தொடங்கினான். இப்போது, இரண்டு வருடத்துக்குள் ஆண்டவர் வந்துவிடுவார், படித்து என்ன என்று ரியூசனை நிறுத்திவிட்டான். அப்பா அவனோடு சண்டை பிடிக்கிறார். ஆனால் அவரும் நாள் முழுக்க ‘கலி முற்றிப்போச்சு’ என்றுதான் புலம்புகிறார். ரொறன்ரோவில் இருக்கும் பெரியப்பா, மூன்றாம் உலக யுத்தம் வருகிறது, வங்கியில் கிடக்கிற காசை எடுத்து நகையாக்குங்கள் என்று இரவிரவாக வீடியோ அனுப்புகிறார். இவர்களைப் பார்த்துச் சிரிக்கலாம் என்றால், பூமி சூடாவதைப் பற்றி வாசித்துவிட்டு எனக்கே நித்திரை வருவதில்லை. ஒரு சம்பந்தம் பேசி வந்திருக்கிறது. இப்படியான உலகத்தில் கல்யாணம் கட்டிப் பிள்ளை பெறுவது நியாயமா? இதில் யார் சொல்வது உண்மை?
— பெயர் வேண்டாம், இணுவில்

பதில்: தங்கச்சி, இத்தனை முடிவுகளுக்குள் நிச்சயமாக நாள் குறித்திருப்பது தம்பியின் சோதனைக்கு மட்டும்தான். ஆகவே அவனிலிருந்து தொடங்குவோம்.

அவனோடு திகதியைப் பற்றி வாதாடாதீர்கள். வென்றாலும் பிரயோசனமில்லை. அமெரிக்காவில் வில்லியம் மில்லர் என்ற விவசாயி பைபிளை வைத்துக் கணக்குப் பார்த்து, கிறிஸ்து திரும்பி வரும் காலத்தைச் சொன்னார். அவருடைய ஆட்கள் கடைசியில் 1844 ஒக்டோபர் 22 என்று நாள் குறித்தார்கள். விளைந்ததை அறுக்காமல் வயலிலேயே விட்டவர்களும் உண்டு. 23ஆம் திகதி வழமைபோல விடிந்தது. பலர் அழுதுவிட்டு வீடு திரும்பினார்கள். ஒரு பகுதியினரோ, நாள் சரிதான், நடந்தது பூமியில் அல்ல பரலோகத்தில் என்று விளக்கம் கண்டார்கள். அதிலிருந்து ஒரு திருச்சபையே வளர்ந்தது.

1954 டிசம்பரில் சிகாகோவுக்குப் பக்கத்தில் இன்னொரு சிறு கூட்டம். பெருவெள்ளம் வரும், அதற்கு முன் பறக்கும் தட்டு வந்து தங்களை ஏற்றிப்போகும் என்று காத்திருந்தது. லியோன் ஃபெஸ்டிங்கர் என்ற உளவியலாளரும் அவரோடு வேலை செய்தவர்களும் உள்ளே போயிருந்து கவனித்தார்கள். வெள்ளமும் இல்லை, தட்டும் இல்லை. அதுவரை பத்திரிகைக்காரரை அண்டவிடாதவர்கள் விடிந்ததும் தாங்களே பத்திரிகைகளுக்கு ரெலிபோன் எடுத்து, எங்களால்தான் உலகம் தப்பியது என்றார்கள். நம்பிக்கைக்காக வேலையை விட்டவனுக்கு அது பொய் என்று ஒத்துக்கொள்வது அவ்வளவு கஷ்டம். தம்பி இன்னும் ரியூசனை மட்டும்தான் விட்டிருக்கிறான். இன்னும் எதையாவது விடுவதற்கு முன்னர் பிடித்துவிடுங்கள்.

எப்படி? அவனுடைய பைபிளைக் கொண்டே கதையுங்கள். அந்த நாளும் நாழிகையும் ஒருவனுக்கும் தெரியாது, தூதர்களுக்கும் தெரியாது என்று மத்தேயு 24இல் இருக்கிறது. பிறகு தெசலோனிக்கேயருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தைத் திறக்கச் சொல்லுங்கள். ஆண்டவருடைய நாள் வந்துவிட்டது என்று கலங்கிப்போயிருந்த சபைக்கு எழுதியது அது. வேலை செய்ய மனமில்லாதவன் சாப்பிடவும் கூடாது என்று அங்கேயே எழுதியிருக்கிறது. போதகரைத் திட்டவேண்டாம். “நீ எப்படி இருக்கிறாய்?” என்று பெடியனைக் கேட்கிற ஒரே இடம் அந்த மண்டபமாக இருக்கலாம். வீட்டில் எல்லோரும் அவனிடம் கேட்டது “எத்தனை ஏ வரும்?” என்றுதானே? பல்கலைக்கழகத்துக்கு எடுக்கப் பார்க்கிற இசட் ஸ்கோர் இல்லாத எதிர்காலம் ஒன்று இருக்கிறது என்றால் எந்தப் பதினெட்டு வயதுக்கும் இனிக்கும்.

அப்பாவின் விஷயம் லேசானது மாதிரித் தெரியும், ஆனால் இல்லை. அவர் வாங்கும் பஞ்சாங்கத்தை எடுத்துக் காட்டுங்கள். கலியுகம் 4,32,000 வருடம். கி.மு. 3102இல் தொடங்கியது என்பது கணக்கு. இதுவரை போனது ஐயாயிரத்துச் சொச்சம். அவருடைய சாத்திரப்படியே அவசரமே இல்லை. 1962 பெப்ரவரியில் எட்டுக் கிரகங்கள் மகர ராசியில் கூடியபோது உலகம் அழியப்போகிறது என்று இந்தியா முழுக்க யாகம் வளர்த்தார்கள். அந்த மாதமும் முடிந்து மார்ச் வந்தது.

போதாததற்கு, நம்முடைய சைவ சித்தாந்தம் அழிவைக் கண்டு நடுங்கச் சொல்லவே இல்லை. பிறந்து இறந்து களைத்த உயிருக்கு இளைப்பாற்றத்தான் சங்காரம் என்கிறது. மார்கழி விடியலில் சேமக்கலம் அடித்துக்கொண்டு ‘ஊழி முதல்வனாய் நின்ற ஒருவனை’ என்று பாடிப்போகிற பிள்ளைகள் நடுங்கினால் அது குளிரில்தான்.

ஆனால் ‘கலி முற்றிப்போச்சு’ என்பது அநேகமாக வானத்தைப் பற்றிய பேச்சே இல்லை. எப்போது சொல்கிறார் என்று கவனியுங்கள். பெண்பிள்ளை ஸ்கூட்டியில் இரவு எட்டு மணிக்கு வந்தால், சாதி பாராமல் கல்யாணம் நடந்தால். கலியின் அடையாளங்களாகப் புராணங்கள் போடுகிற பட்டியலிலும் இதுதான் இருக்கிறது: கீழே இருக்கவேண்டியவர் மேலே வருவார், பெண்கள் சொல் கேளார். 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுக்குள் எங்களையும் விடுங்கள் என்று ஒடுக்கப்பட்ட மக்கள் போராடினார்கள். வாசலை மறித்து நின்றவர்களுக்கு அன்று ஒரு உலகம் முடிந்துகொண்டிருந்தது உண்மைதான். முடியட்டுமே! உலகம் அழியுது என்று யார் சொன்னாலும், யாருடைய உலகம் என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் பிறகு பயப்படுங்கள்.

பெரியப்பாவுக்கும் அதே கேள்விதான், கொஞ்சம் கடுமையாக. அணுகுண்டு பொய்யில்லை. அமெரிக்காவில் அணுவிஞ்ஞானிகளின் சஞ்சிகை ஒன்று 1947இலிருந்து ஒரு கடிகாரம் வைத்திருக்கிறது. நள்ளிரவு என்றால் முடிவு. அதற்கு ஏழு நிமிடம் இருக்கத் தொடங்கினார்கள். 1991இல் பனிப்போர் அடங்க, நள்ளிரவுக்குப் பதினேழு நிமிடம் இருக்கிற இடத்துக்கு முள்ளைப் பின்னால் தள்ளினார்கள். 2025 ஜனவரியில் 89 செக்கன். ஆட்கள் கூடி யோசித்து வைக்கிற முள் அது. ஆபத்தை அளந்து சொல்கிற மெசின் எதுவும் அதற்குப் பின்னால் இல்லை. அதில் எனக்குப் பிடித்தது, முள் பின்னாலும் போயிருக்கிறது என்பதுதான். பெரியப்பாவின் வீடியோக்களில் அது ஒருபோதும் பின்னால் போகாது. போனால் யார் பார்ப்பார்கள்? நகை வாங்குவது உங்கள் விருப்பம். பயத்தில் வாங்காதீர்கள்.

முடிவைச் சொல்லி அரசியல் செய்வது எப்படி என்று யாழ்ப்பாணத்தாருக்கு வெளியிலிருந்து யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. இந்தத் தீவில் இரண்டு பக்கமும் அதைத்தான் கேட்டு வளர்ந்தோம். எங்களுக்கு வேறு நாடில்லை, இன்று விட்டால் இனமே அழியும் என்று அங்கேயும் சொன்னார்கள், இங்கேயும் சொன்னார்கள். நாளைக்கே எல்லாம் முடியப்போகிறது என்றால் இன்றைக்கு எதையும் செய்யலாம், கேள்வி கேட்பவன் துரோகி. 1990 ஒக்டோபர் 30 அன்று யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்கு வெளியேற விடுதலைப் புலிகள் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். சோனகத்தெருவில் ஒரு உலகம் அன்று பின்னேரத்துக்குள் முடிந்தது. மற்றத் தெருக்களில் நாங்கள் சமைத்துச் சாப்பிட்டோம். சரியாக ஐந்து வருடம் கழித்து, அதே ஒக்டோபர் 30. இராணுவம் நெருங்க, புலிகள் வெளியேறச் சொல்ல, யாழ்ப்பாண நகரும் சுற்றுவட்டாரமுமான வலிகாமமே எழும்பி மழைக்குள் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தது. இந்த இரண்டு திகதிகளையும் பக்கத்தில் வைத்துப் பேச எங்கள் ஆட்களுக்கு இன்னும் மனம் வருவதில்லை.

உங்கள் வீடு இணுவில் என்றால் அப்பாவும் அந்த வீதியில் நடந்திருப்பார். கலியுகத்தைப் பற்றி இவ்வளவு கதைப்பவர் அந்த இரவைப் பற்றி உங்களிடம் கதைத்திருக்கிறாரா? கேளுங்கள். எதைத் தூக்கிக்கொண்டு போனார், எதை விட்டுப்போனார், சாவகச்சேரியில் யார் இடம் கொடுத்தது, 1996இல் திரும்பி வந்தபோது வீட்டில் என்ன மிச்சம் இருந்தது? தம்பியையும் பக்கத்தில் இருத்திக்கொண்டு கேளுங்கள். முடிவு என்றால் என்ன என்று அவனுக்குச் சொல்லக்கூடிய ஆள் அந்த வீட்டிலேயே இருக்கிறார்.

வெளிநாட்டுச் சிந்தனையாளர்கள் இந்த இடத்துக்குச் சுற்றித்தான் வந்து சேர்ந்தார்கள். ஜெர்மன் யூதரான வால்ரர் பெஞ்சமின், நாஜிகளிடமிருந்து தப்பி ஓடி 1940இல் ஸ்பெயின் எல்லையில் இறந்தவர். எல்லாம் இப்படியே போய்க்கொண்டிருக்கிறதே, அதுதான் பேரழிவு என்பது அவருடைய குறிப்புகளில் இருக்கிற ஒரு எண்ணம். வட அமெரிக்காவின் பொட்டவாட்டமிப் பழங்குடி இனத்தைச் சேர்ந்த கைல் வைட் இன்றைய ஆள். காலநிலை மாற்றத்தால் இனிமேல் வரப்போகிறது என்று மற்றவர்கள் பயப்படுகிற நரகத்தை எங்கள் சனம் ஏற்கெனவே வாழ்ந்துவிட்டது என்கிறார். இதை வாசித்தபோது எனக்கு யாரோ அடுத்த வளவிலிருந்து கதைப்பது போலத்தான் இருந்தது.

அப்படியென்றால் பூமி சூடாவதும் வெறும் கதையா? இல்லை. நாலு பேரில் உங்கள் பயத்துக்குத்தான் அளவு இருக்கிறது. பூமி இதற்குமேல் சூடாகாமல் பார்ப்போம் என்று 2015இல் பாரிஸ் காலநிலை மாநாட்டில் பேசிய 1.5 பாகையை 2024ஆம் ஆண்டின் சராசரி தாண்டிவிட்டது. ஆனால் அந்த இலக்கம் தாண்டியவுடன் விழுகிற பாதாளம் கிடையாது. 1.6ஐவிட 1.7 மோசம், 1.7ஐவிட 2 இன்னும் மோசம். ஒவ்வொரு புள்ளிக்கும் பெறுமதி இருக்கிறது என்பதுதான் அதில் உள்ள ஒரே நல்ல செய்தி. ‘எல்லாம் முடிந்தது’ என்று கையை விரிப்பது எண்ணெய் விற்பவர்களுக்கு வசதி.

யாழ்ப்பாணத்தில் நமக்கு வருடம் முழுக்க ஓடுகிற ஆறு இல்லை, சுண்ணக்கல்லுக்குள் கிடக்கிற மழைத்தண்ணீர்தான். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கடல் உள்ளே வரும், யூரியாவைக் கொட்டினால் கிணற்றுக்குள்தான் இறங்கும். பக்கத்துச் சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் கலந்தபோது சனம் கலியுகம் என்று சொல்லிவிட்டுச் சும்மா இருக்கவில்லை. தெருவில் இறங்கினார்கள், வழக்கும் போடப்பட்டது, 2019இல் உயர் நீதிமன்றம் நட்டஈடு கொடுக்கச் சொன்னது. கெட்டுப்போன தண்ணீருக்கு அது ஈடாகாது. ஆனாலும் நித்திரை வராத இரவில் காலநிலை அறிக்கையை இன்னொரு தரம் வாசிப்பதைவிட, உங்கள் கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதிக்கக் கொடுப்பது நல்லது.

கல்யாணத்துக்கு வருவோம். பிள்ளை பெறுவதா வேண்டாமா என்பது உங்கள் இருவருடைய முடிவு. பெறாமல் விட்டாலும் குறையில்லை, அதை அம்மாவுக்கு நான் சொன்னதாகவே சொல்லலாம். 1995 இடப்பெயர்வில் கொட்டிலுக்குள் பிறந்த பிள்ளைகளுக்கு இப்போது முப்பது வயது. அவர்களில் ஒருவரைக் கேட்டுப் பார்த்தால் பிறந்திருக்கக்கூடாது என்று சொல்வார்களா தெரியவில்லை. மாப்பிள்ளையைப் பிடிக்கவில்லை என்றால் நேரே சொல்லுங்கள், பூமி வெப்பத்தைச் சாட்டுச் சொல்லாதீர்கள். பிடித்திருந்தால், தரகரை நடுவில் வைக்காமல் ஒரு நாள் அவரோடு நேரில் கதைத்து, இந்தப் பயத்தையும் சொல்லிப் பாருங்கள். சிரித்து மழுப்புகிறாரா, கேட்கிறாரா என்பது தெரிந்துவிடும். இவ்வளவு நீளமாக எழுதியிருக்கிறீர்கள், அந்த மனிதரைப் பிடித்திருக்கிறதா என்று ஒரு வரிகூட இல்லை. அடுத்த கடிதத்தில் அதை எழுதுங்கள்.