டான்ஸ் பீரியட் படிப்பைக் கெடுக்குமா?

கேள்வி: மகள் ஒன்றாம் வகுப்பு முடிக்கிறாள். தமிழ் வாசிக்கத் திணறுகிறாள். தருமபுரியில் ஒரு தனியார் தொடக்கப் பள்ளியில், "ஒவ்வொரு பிள்ளைக்கும் அவரவர் நிலைக்கேற்ற பாடம், வாரம் ஐந்து பீரியட் ஓவியம், பாட்டு, நடனம்" என்கிறார்கள். சேர்த்தால் படிப்பில் பின்தங்கிவிடுவாளா? – ஒரு தாய், பாலக்கோடு.

பதில்: வாரத்தின் நாற்பது பீரியடில் ஐந்து போவதால் குடிமுழுகிவிடாது. பாட்டு வகுப்பு வாசிப்புக்கு உதவத்தான் செய்யும். 'படம்' என்றால் ப-வுக்கு ஒரு தட்டு, 'பாடம்' என்றால் பா-வுக்கு இரண்டு தட்டு என்று கைதட்டிப் பாடவைத்தால் குறில் நெடில் காதில் பதியும். கெ–கே, கொ–கோ தடுமாற்றம் பாதி குறையும்.

படிப்பைத் தின்பது ஆண்டு விழா. ஒரு சினிமாப் பாட்டுக்கு ஒன்றரை மாத ஒத்திகை, அதுவும் கணக்கு பீரியடில். வாடகை டிரெஸ்ஸுக்குத் தனிப் பணம். ஒத்திகை எந்த நேரத்தில் என்று முதலிலேயே கேளுங்கள்.

அடுத்தது, பள்ளிக்குள் கடை விரிக்கும் வெளி ஆட்கள். நாலு கிரேயான், ஒரு பிரஷ், ஒரு மெல்லிய புத்தகம். பெயர் 'ஆர்ட் கிட்'. ரசீது பள்ளியின் பெயரில் இல்லையென்றால் கட்டாதீர்கள். தனியார் பள்ளிக் கட்டணத்தை நிர்ணயிக்க 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி குழு இருக்கிறது. அதன் ஆணையைக் காட்டச் சொல்லுங்கள். "சீட் வாங்கித் தருகிறேன்" என்று வரும் புரோக்கரை வாசலோடு அனுப்புங்கள். நன்கொடை கேட்பதும், தேர்வு வைத்துச் சேர்ப்பதும் கல்வி உரிமைச் சட்டத்தின் 13-வது பிரிவுப்படி குற்றம்.

'தனித்தனிப் பாடம்' உண்மையா என்று பார்க்க பிரவுச்சர் வேண்டாம். ஒரே வகுப்பில் இரண்டு பிள்ளைகளின் கணக்கு நோட்டை, ஒரே தேதிப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். இரண்டிலும் அதே பத்துக் கணக்கு, அதே வரிசை, அதே சிவப்பு டிக் என்றால் அது வெறும் போர்டு வாசகம். எந்தப் பிள்ளை எந்த எழுத்தில் நிற்கிறது என்று டீச்சரிடம் பதிவேடு இருக்கவேண்டும்; நிலைவாரியாகப் பிரித்த குழுக்கள் மாதம் ஒருமுறையாவது மாறவேண்டும். நாற்பது பிள்ளைக்கு ஒரே டீச்சர் என்றால் இது நடக்காது.

ஒரு விஷயம் மட்டும் வேறு. வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிறீர்களா? ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் இது சகஜம். அப்படிப்பட்ட பிள்ளையைத் தமிழில் மட்டும் சோதித்து, 'மந்தம்' என்று கடைசிக் குழுவில் உட்காரவைத்துவிடுவார்கள். அவளுக்கு எழுத்து தெரிந்திருக்கும், சொல்தான் தெரியாது. 'ஆடு' படத்தைக் காட்டினால் தெலுங்கில் 'மேக்க' என்பாள், அது தவறல்ல. வீட்டு மொழியிலேயே ஒரு கதை சொல்லச் சொல்லி, கணக்கை வாய்மொழியாகக் கேட்டு, பிறகு நிலையை முடிவு செய்யச் சொல்லுங்கள். மறுத்தால் அந்தப் பள்ளி வேண்டாம்.

அதிகாரிகள் பார்த்துக்கொள்வார்கள் என்று இருந்துவிடாதீர்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை பகுதிநேரக் கலை ஆசிரியரைக் கேட்பதே ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரைதான், அதுவும் நூறு பிள்ளைக்கு மேல் இருந்தால். ஆய்வுக்கு வருபவர் கழிப்பறையை எண்ணுவார். ஓவிய நோட்டை யார் புரட்டுகிறார்?

நிலைவாரிக் கற்பித்தல் புதுச்சரக்கும் அல்ல. அரசுப் பள்ளிகளில் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைகளாக 2022 முதல் நடக்கிறது, காசில்லாமல். கலைக்கு, கலை பண்பாட்டுத் துறையின் ஜவகர் சிறுவர் மன்றத்தை விசாரியுங்கள். 5 முதல் 16 வயது வரை சேர்க்கிறார்கள்.