மூட்டைப்பூச்சிக்கு மாத்திரை வைக்கலாமா?

கேள்வி: சைதாப்பேட்டையில் வாடகை வீடு. பழைய தேக்குக் கட்டில் ஒன்று வாங்கியதிலிருந்து மூட்டைப்பூச்சி. ஆள் வைத்து மூன்று நாள் இடைவெளியில் இரண்டு முறை மருந்தடித்தோம். பன்னிரண்டு நாளில் மறுபடியும் கடி. மெத்தையை எறிந்துவிட்டு, அறையில் மாத்திரை வைத்து ஒரு நாள் பூட்டினால் போதும் என்கிறார் அவர். இரண்டு வயதுக் குழந்தை இருக்கிறது. வைக்கலாமா?

பதில்: வேண்டாம். அந்த மாத்திரை அலுமினியம் பாஸ்பைடு. காற்றிலுள்ள ஈரம் பட்டாலே பாஸ்பீன் என்ற நச்சு வாயு கிளம்பும். மூன்று கிராம் மாத்திரை ஒரு கிராம் வாயுவைக் கக்கும். இதற்கு முறிவு மருந்து கிடையாது. அறையைப் பூட்டினாலும் கதவிடுக்கு, ஏசி குழாய் போகும் ஓட்டை, வென்டிலேட்டர் வழியாகப் பக்கத்து அறைக்கும் மாடி வீட்டுக்கும் போய்விடும். 2024 நவம்பரில் குன்றத்தூர் அருகே எலிக்கு வைத்த மருந்தின் நெடியில் இரண்டு குழந்தைகள் இறந்ததை அதற்குள் மறந்துவிட்டோமா?

"கிடங்குகளில் இதைத்தானே வைக்கிறார்கள்?" என்று அவர் கேட்பார். வைக்கிறார்கள். நெல், கோதுமை மூட்டை அடுக்கை வாயு கசியாத தார்ப்பாயால் மூடி, ஓரமெல்லாம் மணல் பைகளை அழுத்தி வைத்து, பல நாள் விட்டு, வாயு அளவைக் கருவியால் பார்த்த பிறகே பிரிப்பார்கள். செய்பவர்கள் அதற்கென்று பயிற்சி பெற்றவர்கள். அங்கே ஆள் குடியிருப்பதில்லை. வாயு பூச்சியைக் கொல்லும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆளையும் சேர்த்துக் கொல்லும் என்பதால்தான் வேண்டாம் என்கிறேன். அரசு நிறுவனங்களுக்கும் அனுமதி பெற்ற பூச்சி ஒழிப்பாளர்களுக்கும் மட்டுமே விற்க வேண்டிய பொருள், கடையில் சில்லறையாகக் கிடைக்கிறது. ஒருவர் செத்தால் ஒரு வாரம் சோதனை நடக்கிறது, அப்புறம் பழைய கதைதான்.

இனி, ஏன் திரும்பி வந்தது? முட்டை. வெள்ளையாக, ஒரு மில்லிமீட்டர் நீளத்தில், மரத்தில் பசை போட்டது போல ஒட்டியிருக்கும். நம் வீடுகளில் அடிக்கும் மருந்து பெரும்பாலும் அதை ஒன்றும் செய்யாது. சென்னை வெயிலில் ஆறு முதல் பத்து நாளில் பொரியும். மூன்றாம் நாள் அடித்த இரண்டாவது மருந்து முட்டை மேல் அடித்ததுதான். அந்தப் பணம் வீண். இரண்டாவது முறை பத்திலிருந்து பதினான்கு நாள் கழித்து வர வேண்டும். மூன்றாவது தேவைப்பட்டாலும் அதே இடைவெளி.

முதலில் பூச்சி எங்கே என்று பாருங்கள். கடித் தடிப்பை வைத்து முடிவு செய்யாதீர்கள், கொசுக்கடியும் அப்படித்தான் இருக்கும். திருப்புளியால் கட்டிலை முழுக்கக் கழற்றி, சட்டமும் காலும் சேரும் மூட்டில் டார்ச் அடியுங்கள். பேனா முனையால் குத்தியது போலக் கரும்புள்ளிகள் இருந்தால் ஈர டிஷ்யூவால் தேயுங்கள். மை போலப் பழுப்பாகப் படர்ந்தால் அது மூட்டைப்பூச்சியின் எச்சம். மெத்தையின் தையலோரம், தலைமாட்டுச் சுவரில் சுவிட்ச் போர்டு, கதவு நிலை, திரைச்சீலை மடிப்பு எல்லாம் பார்க்க வேண்டும்.

பார்த்த இடங்களை வாக்கூமால் உறிஞ்சி, அதன் பையைக் கட்டி உடனே வெளியே போடுங்கள். மர மூட்டுகளில் கொதிநீரைக் கெட்டில் மூக்கால் நிதானமாக ஊற்றுங்கள். ஐம்பது டிகிரிக்கு மேல் சூடு உள்ளே இறங்கினால் முட்டையும் சாகும். பாலிஷ் வெளுக்கும், பரவாயில்லை. பிளைவுட்டில் ஊற்றாதீர்கள், உப்பிவிடும். சுவிட்ச் போர்டில் தண்ணீரே கூடாது. ஸ்டீமர் இருந்தால் ஒரு அடி நகர அரை நிமிடம் எடுங்கள். ஆவியைப் பலமாகப் பீய்ச்சினால் பூச்சி தள்ளப்பட்டு வேறிடம் போய் விழும். துணிகளை அறுபது டிகிரியில் துவைக்கலாம், இல்லையேல் கொதிநீரில் அரை மணி ஊறட்டும்.

மெத்தையை எறிய வேண்டாம். ஜிப் வைத்த முழு உறை போட்டு ஒரு வருடம் கழற்றாமல் விடுங்கள். கட்டிலைச் சுவரிலிருந்து அரை அடி தள்ளி, கால்களைச் சோப்புத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்துங்கள். தண்ணீரை இரண்டு நாளுக்கொரு முறை மாற்றாவிட்டால் டெங்கு கொசு வளரும். போர்வை தரையில் தொங்கக் கூடாது. கூடத்தில் போய்ப் படுக்காதீர்கள், பூச்சியும் கூடத்துக்கு வரும்.

போரிக் பவுடர், ஜெல் இரண்டுக்கும் காசு கொடுக்காதீர்கள். அவை கரப்பான் தின்று சாக வேண்டியவை. மூட்டைப்பூச்சி இரத்தம் தவிர எதையும் தொடாது. "மூட்டைக்கு ஜெல் சர்வீஸ்" என்பவரை வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள். மண்ணெண்ணெய் தெளித்தால் தீப்பிடிக்கும்.

அடுத்து வருபவரிடம் வேளாண்மைத் துறை உரிமத்தையும், மருந்தின் பெயரையும் அளவையும் ரசீதில் கேளுங்கள். "கம்பெனி மருந்து, வாசனையே இருக்காது" என்பது பதிலில்லை. பைரித்ராய்டு என்ற, வீடுகளில் பரவலாக அடிக்கும் மருந்து வகையையே முன்பும் அடித்திருந்தால் வேறு வகை கேளுங்கள். அதற்குப் பழகிய பூச்சிகள் நிறைய. அடித்தபின் காய்ந்து, சன்னல் திறந்து காற்றோடிய பிறகே குழந்தையை உள்ளே விடுங்கள். பக்கத்துப் போர்ஷனையும் பார்க்கச் சொல்லி வீட்டுக்காரரிடம் இன்றே பேசுங்கள்.

கடைசி மருந்துக்குப் பின் எட்டு வாரம், வாரம் ஒரு முறை அந்த மூட்டுகளை ஈர டிஷ்யூவால் துடைத்துப் பாருங்கள். புதுப் புள்ளி வரவில்லை என்றால் கிண்ணங்களை எடுத்துவிடலாம்.