கேளுங்கள்: ஹெட் ஆபீஸ் கடலுக்கு அப்பால்

திருபுவனையில் ஒரு வெளிநாட்டுக் கம்பெனித் தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் வேலை. ஒரு மோட்டார் மாற்றக்கூட ஐரோப்பாவிலிருந்து அப்ரூவல் வர வேண்டும். அப்புறம் இங்கே எம்.டி. எதற்கு?
– வாசகர், திருபுவனை

இந்தப் பஞ்சாயத்து புதுச்சேரிக்குப் புதிதா என்ன! கடற்கரைச் சாலையின் தெற்குக் கோடியில் சிலையாக நிற்கிறாரே டூப்ளே, அவரும் ஒரு கம்பெனியின், அதாவது பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின், உள்ளூர்த் தலைவர்தான். 1742-இல் கவர்னரானார். பாரிசுக்குக் கடிதம் போட்டால் பதில் வர ஒரு வருடத்துக்கு மேல் ஆகும் என்பதால், மனிதர் கேட்காமலேயே படை திரட்டினார், ஆற்காட்டு நவாப் யார் என்பதில் தலையிட்டார், கைக்காசையும் போட்டார். அங்கிருந்த டைரக்டர்களுக்கோ துணி ஏற்றிய கப்பல் வந்தால் போதும், சண்டைச் செலவு வேண்டாம். 1754-இல் தங்களில் ஒருவரையே அனுப்பி அவரைக் கப்பலேற்றிவிட்டார்கள். போட்ட பணத்தைக் கேட்டு கம்பெனி மேலேயே வழக்குப் போட்டு, அது கைக்கு வராமலேயே 1763-இல் இறந்தார். இங்கிருப்பவர் கேட்காமல் செலவு வைத்துவிடுவாரோ என்று உங்கள் ஹெட் ஆபீஸுக்கும் அதே பயம்தான், ஆனால் ஒரு மோட்டாருக்கு இவ்வளவு பயம் அதிகம்.

டூப்ளே காலத்தில் இல்லாத ஒன்று இப்போது இருக்கிறது. இங்கே பதிவான துணை நிறுவனம், பங்கு முழுக்க வெளிநாட்டில் இருந்தாலும், சட்டத்தின் கண்ணில் தனி ஆள். 2013 கம்பெனிச் சட்டப்படி, நிதியாண்டில் 182 நாளாவது இந்தியாவில் தங்குகிற டைரக்டர் ஒருவராவது வேண்டும். தொழிற்சாலைக்கு 'ஆக்குபையர்' என்று பொறுப்பேற்பதும் டைரக்டர்களில் ஒருவர்தான். விபத்து நடந்தால் கேஸ் அவர் மேல் வரும், மெயிலுக்குப் பதில் போடாத ஐரோப்பியர் மேல் அல்ல. அதனால் அந்த மோட்டார் பாதுகாப்பு சம்பந்தப்பட்டது என்றால் அதை எழுத்தில் எம்.டி.க்குக் கொடுங்கள். இவ்வளவு ரூபாய் வரை இங்கேயே முடிவெடுக்கலாம் என்ற உச்சவரம்பை ஏற்றச் சொல்லிக் கேட்க அவருக்கே அது கைகொடுக்கும்.

மிஷின் ராப்பகலாக ஓடுகிறது, கணக்கில் மட்டும் நஷ்டம் என்கிறார்களே?
– வாசகர், கடலூர்

மிஷின் ஓடினாலும் கணக்கில் நஷ்டம் வரலாம். ராயல்டி, நிர்வாகக் கட்டணம், சகோதரக் கம்பெனியிடம் வாங்கும் மூலப்பொருள் என்று லாபம் வெளியே போக வழிகள் உண்டு. முன்பின் தெரியாதவரிடம் வாங்கினால் என்ன விலையோ அதே விலை போட வேண்டும் என்று வருமான வரிச் சட்டத்தில் 2001 முதல் விதி இருக்கிறது, அதை வைத்து வருடக்கணக்கில் வழக்குகளும் நடக்கின்றன. பேலன்ஸ் ஷீட்டில் 'ரிலேட்டட் பார்ட்டி' (தாய், சகோதரக் கம்பெனிகளுடனான கொடுக்கல் வாங்கல்) பகுதியை யாராவது தெரிந்த ஆடிட்டரிடம் காட்டுங்கள், யாருக்கு எவ்வளவு போனது என்று அதில் இருக்கும். போனஸ் பற்றிக் கேட்க நினைத்திருப்பீர்கள்: புதுக் கம்பெனிக்குச் சில வருடம் சலுகை உண்டு, மற்றபடி சம்பள வரம்புக்குள் இருப்பவருக்கு நஷ்டத்திலும் 8.33 சதவீதம் தந்தே ஆக வேண்டும்.