தோட்டாவை மறுபடி நிரப்பும்போது பிஸ்டல் பிரைமரையும் ரைஃபிள் பிரைமரையும் மாற்றிப் போடலாமா?

கூடாது. பிரைமர் என்பது தோட்டாக் கூட்டின் அடியிலுள்ள குழியில் பொருத்தும், அடிபட்டதும் மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி. அது குழியில் கச்சிதமாக உட்கார்ந்தாலும் கூடாது.

பிரைமர் ஸ்மால், லார்ஜ் என்று இரு அளவில் வரும். ஸ்மால் வகையில் இரண்டுக்கும் விட்டம் 0.175 அங்குலம், உயரமும் ஏறக்குறைய ஒன்றே. கையில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது, குழப்பமே அங்கேதான். வித்தியாசம் பிரைமரின் உலோகக் கிண்ணத்தின் தகட்டில் இருக்கிறது. 9 மி.மீ. பிஸ்டல் தோட்டாவில் அழுத்தம் சதுர அங்குலத்துக்குச் சுமார் 35,000 பவுண்டு. ரைஃபிளில் அது 55,000, 60,000 என்று ஏறும். அதைத் தாங்கத்தான் ரைஃபிள் பிரைமருக்குத் தடித்த தகடு.

.223 ரைஃபிள் தோட்டாவில் பிஸ்டல் பிரைமரைப் போட்டால் ஃபயரிங் பின் (பிரைமரை அடிக்கும் ஊசி) பட்ட இடத்தில் ஓட்டை விழலாம். சுட்ட கூட்டின் அடியில் சிறு துளையும் அதைச் சுற்றிக் கரியும் தெரிந்தால், சூடான வாயு உங்கள் முகம் இருக்கும் பக்கமாகப் பீறிட்டிருக்கிறது என்று பொருள். மாற்றி, பிஸ்டல் தோட்டாவில் ரைஃபிள் பிரைமரைப் போட்டால், பிஸ்டலின் ஃபயரிங் பின் அடிக்கும் வேகம் போதாமல் தோட்டா வெடிக்காமல் போகலாம். உடனே திறக்காதீர்கள், குழலைப் பாதுகாப்பான திசையில் வைத்து அரை நிமிடமாவது பொறுங்கள், தாமதமாக வெடிப்பதும் உண்டு.

லார்ஜ் வகையில் விட்டம் 0.210, ஆனால் ரைஃபிள் பிரைமர் சற்று உயரம். பிஸ்டல் கூட்டில் அது துருத்தி நிற்கும், விரலால் தடவினாலே தட்டுப்படும். சுடும் முன்பே வெடிக்கக்கூடிய ஆபத்து அது.

விதிவிலக்கு உண்டு. .454 கசூல் ரிவால்வர் தோட்டாதான், ஆனால் அழுத்தம் அதிகம் என்பதால் ஸ்மால் ரைஃபிள் பிரைமர். அதனால் பெயரை வைத்து முடிவு செய்யாமல் நிரப்புக் கையேடு சொல்வதையே போடுங்கள். அப்புறம், பெட்டியிலிருந்து கொட்டிக் கலந்துபோன பிரைமர்களை ஊகித்துப் பயன்படுத்தவே வேண்டாம்.