கடாரத்தில் உட்கார்ந்துகொண்டே கடாரப் பயணமா?

கேள்வி: ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். தோட்டத்தில் பிறந்து, பால்மரம் வெட்டியே வயதானவள் நான். இப்போது மகன், மருமகளோடு பீடோங் பட்டணத்தில் இருக்கிறேன். கடப்பிதழ் எடுத்ததே கிடையாது. ஆனால் ‘பொன்னியின் செல்வன்’, ‘கடல் புறா’, ‘போரும் வாழ்வும்’, ‘என் பெயர் சிவப்பு’ என்று சரித்திர நாவல்களாகப் படித்துச் சோழநாடு, கடாரம், மாஸ்கோ, இஸ்தான்புல் எல்லாம் வீட்டிலிருந்தே சுற்றி வந்துவிட்டேன். இதைச் சொன்னால் மருமகள் சிரிக்கிறாள். நான் போனது பயணமா இல்லையா? தீர்ப்பை நீங்களே சொல்லுங்கள்.
ஒரு வாசகி, பீடோங், கெடா

பதில்: அம்மா, இஸ்தான்புல் கணக்கில் நீங்கள்தான் ஜெயித்தீர்கள். மருமகள் நாளைக்கே விமானம் ஏறிப் போனாலும் இன்றைய ஊரைத்தான் பார்ப்பார், பெரிய மசூதி முன்னால் நின்று படம் பிடிப்பார், கம்பளக் கடையில் பேரம் பேசுவார், அப்புறம் திரும்பிவிடுவார். ‘என் பெயர் சிவப்பு’ வழியாக நீங்கள் போனது 1591ஆம் ஆண்டின் பனிக்காலத்துக்கு. சுல்தானுக்காக ரகசியமாக ஒரு புத்தகம் தயாராகிறது, அதில் ஆளை அச்சு அசலாக வரைகிற வெனிஸ்காரர் பாணியைச் சேர்க்கலாமா கூடாதா என்று ஆரம்பித்த தகராறு கொலையில் போய் நிற்கிறது. ஒரு முகத்தை வரைவதற்கு அந்தக் காலத்து ஓவியன் ஏன் அவ்வளவு நடுங்கினான் என்பதை எந்தச் சுற்றுலா வழிகாட்டி சொல்லித் தருவார்? அந்த வருடத்துக்கு டிக்கெட் விற்பவர் நாவலாசிரியர் மட்டும்தான்.

மாஸ்கோவும் சரி. இதில் உங்களுக்குத் துணைக்கு ‘போரும் வாழ்வும்’ எழுதிய டால்ஸ்டாயே இருக்கிறார். நெப்போலியன் ரஷ்யாவுக்குள் நுழைந்தது 1812இல், டால்ஸ்டாய் பிறந்தது 1828இல். ஆக, அந்தப் போரை அவரும் கண்ணால் கண்டவர் இல்லை, பழைய கடிதங்களையும் நினைவுக் குறிப்புகளையும் படித்துத்தான் அங்கே போய்ச் சேர்ந்தார். ஆனால் படித்ததோடு விடவில்லை, 1867இல் போரோடினோ போர்க்களத்துக்கே போய் மேடு எங்கே, பள்ளம் எங்கே என்று சுற்றிப் பார்த்துவிட்டு வந்தார். நம் கல்கியும் ‘பொன்னியின் செல்வ’னுக்காக ஓவியர் மணியத்தோடு இலங்கைக்குப் போய் இடங்களைப் பார்த்தவர்தான்.

இனி என் முறை. சோழநாட்டுக்கும் மாஸ்கோவுக்கும் நடுவில் கடாரம் என்று ஒரு வெளியூரைப் பட்டியலில் சேர்த்திருக்கிறீர்களே, அது எங்கே இருக்கிறது என்று நினைத்தீர்கள்? நீங்கள் குடியிருப்பதே கடாரத்தில்தான் அம்மா! ராஜேந்திர சோழன் 1025 வாக்கில் கப்பற்படை அனுப்பிய கடாரம் இந்தக் கெடாதான் என்பதை ஆய்வாளர்கள் பெரும்பாலும் ஏற்றுக்கொண்டாயிற்று. உங்கள் ஊருக்கு வடமேற்கே 1,217 மீட்டர் உயரத்தில் நிற்கிற குனோங் ஜெராய் மலைதான், வங்கக் கடலைக் கடந்து வந்த மாலுமிகளுக்குக் கரை கிட்டிவிட்டது என்று சொன்ன அடையாளம். செமிலிங் வழியாக மெர்போக் போனால், பழைய கடாரத்தின் மிச்சங்களை வைத்திருக்கிற பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகம். காரில் அரை மணிகூட ஆகாது, கடப்பிதழும் யாரும் கேட்கமாட்டார்கள். கடிதத்தில் மாஸ்கோ இருக்கிறது, மெர்போக் இல்லை. மருமகள் இதைக் காட்டிச் சிரித்திருந்தால் நான் அவர் பக்கம்தான் பேசியிருப்பேன்.

போய்ப் பார்த்தால் என்ன கிடைக்கும்? முதலில் ஏமாற்றம்தான் கிடைக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன். ‘கடல் புறா’வில் கடாரத்து இளவரசி காஞ்சனாதேவியோடு மூன்று பாகம் சுற்றியவர், மெர்போக்கில் கோட்டைக் கொத்தளத்தைத் தேடுவார். அங்கே இருப்பது சண்டி புக்கிட் பத்து பஹாட் என்கிற கோயிலின் கல் அடித்தளம், மலைச்சரிவில், ஓடை ஓரமாக. பழங்கோயிலை இங்கே சண்டி என்பார்கள். கூரை இல்லை. மரத்தூண்கள் நின்ற கல் ஆதாரங்கள் மட்டும் வரிசையாக மிஞ்சியிருக்கின்றன, மரம் மக்கிப்போய் எத்தனையோ காலம் ஆகிறது. 1930களில் தோண்டிப் பார்த்து, 1960 வாக்கில் கற்களை அடுக்கி நிறுத்தியிருக்கிறார்கள். அடித்தளத்துக்குள் புதைத்து வைத்திருந்த கற்பேழைகள் கிடைத்தன. வேறு இடங்களில் இருந்த சில சண்டிகளையும் பெயர்த்துக் கொண்டுவந்து பக்கத்திலேயே வைத்திருக்கிறார்கள். இன்னொரு பக்கம் சுங்கை பத்துவில், இரும்பு உருக்கிய உலைகளின் மிச்சமும் உலைக்குக் காற்று ஊதிய மண்குழாய்களும் குவியல் குவியலாக வெளிப்பட்டன. என்னைக் கேட்டால் அரண்மனையைவிட இதுதான் பெரிய செய்தி. கடாரம் என்றால் மன்னன் மட்டும் இல்லை, புகையும் கரியுமாக நின்று இரும்பு உருக்கியவனும்தான். நாவல்களில் அவன் எங்கே வந்தான்?

நாவலாசிரியரைக் குறை சொல்ல வரவில்லை. ராஜேந்திரனின் மெய்க்கீர்த்தி, அதாவது கல்வெட்டில் பொறித்த புகழ்ப்பாட்டு, ‘அலைகடல் நடுவுள் பலகலம் செலுத்தி’ என்கிறது, பிறகு பிடித்த ஊர்களை வரிசையாக அடுக்கிக்கொண்டு போகிறது. கலத்தில் துடுப்புப் போட்டவன் யார், என்ன சாப்பிட்டான், எத்தனை பேர் திரும்பி வந்தார்கள் என்பதற்கெல்லாம் அதில் ஒரு சொல் கிடையாது. கல்வெட்டு வாயை மூடிக்கொள்கிற இடத்தில்தான் கதைக்காரர் வாயைத் திறக்கிறார், அது அவர் உரிமை. ஆனால் படிக்கிறவருக்கு அந்த எல்லை தெரிந்திருக்க வேண்டும். நாவலில் ஒரே அத்தியாயத்தில் கடல் கடந்துவிடலாம், அந்தக் காலத்து வியாபாரியோ வந்த காற்று திசை மாறும்வரை மாதக்கணக்கில் இந்தக் கரையிலேயே காத்துக் கிடக்க வேண்டும். அப்படிக் காத்துக் கிடந்தவர்களால்தான் இங்கே ஊரும் சந்தையும் கோயிலும் முளைத்தன. இது தெரிந்துகொண்டு ‘கடல் புறா’வை மறுபடி எடுத்தால் சுவை குறையாது, கூடத்தான் செய்யும்.

ஒன்று சொன்னால் கோபப்படக் கூடாது. 2013இல் இதே பூஜாங் பள்ளத்தாக்கில், வீடமைப்புக்காக நிலத்தைச் சமப்படுத்தியபோது ஒரு சண்டியை இடித்துவிட்டார்கள். செய்தி வந்த பிறகுதான் ஊர் கொதித்தது. வந்தியத்தேவன் குதிரை எந்த ஏரிக்கரையில் போனது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடிய எத்தனை பேருக்கு, அப்படி ஒரு சண்டி அங்கே இருந்தது அதற்கு முன்னால் தெரியும்?

சரி, அடுத்துப் படிக்க ஒன்று. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’. ஜப்பான்காரன் காலத்தில், சயாமின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தான்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர் தண்டவாளம் போட, நம் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் பேரைக் கொண்டுபோனார்களே, அந்தக் கதை. உங்களோடு பால் வெட்டியவர்கள் வீட்டிலேயே அப்படிப் போனவர் இருந்திருக்கலாம். ராஜா ராணி யாரும் இதில் வரமாட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பசியாறிவிட்டு மெர்போக்குக்குக் கிளம்புங்கள். கார் ஓட்ட ஆள் வேண்டும், மருமகளையே கூப்பிடுங்கள். கதைப் புத்தகத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு, ஒரு நோட்டுப் புத்தகமும் பேனாவும் மட்டும் கொண்டுபோய், அங்கே கண்ணால் பார்த்ததை எழுதி எனக்கு அனுப்புங்கள். நாவலில் படித்தது ஒரு வரி கலந்திருந்தாலும் வெட்டிவிடுவேன். மீதிக்கு ஒரு முழுப் பக்கம் தருகிறேன்.