பக்கமெல்லாம் சிவப்புக் கோடுகள்: எதை முதலில் பார்ப்பது?

கேள்வி: நாங்கள் அனுப்பிய எழுபது பக்கத் தமிழ் ஒப்பந்த வரைவை எதிர்த்தரப்பினர் மைக்ரோசாஃப்ட் வேர்டில் திருத்தக் குறிகளுடன் திருப்பி அனுப்பியுள்ளனர். எழுத்துரு, இடைவெளி என்று எல்லாவற்றிலும் கைவைத்திருப்பதால் முக்கியமான மாற்றம் எதுவென்று தெரியவில்லை. மொத்தமாக ஏற்றுக்கொண்டு, பிறகு படித்துப் பார்க்கலாமா?

பதில்: வேண்டாம். மொத்தமாக ஏற்றவுடன் குறிகள் நீங்கிவிடும். எது உங்கள் வாசகம், எது அவர்களுடையது என்று அந்தக் கோப்பைப் பார்த்துச் சொல்ல முடியாது. முதலில் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

வந்த கோப்பில் தெரியும் குறிகளை மட்டும் நம்புவதும் சரியல்ல. திருத்தங்களுக்குக் குறியிடும் டிராக் சேஞ்சஸ் வசதியை நடுவில் யாராவது அணைத்துவிட்டுத் திருத்தியிருந்தால், அந்தத் திருத்தத்துக்குக் குறியே இருக்காது. ஆகவே ரெவ்யூ பட்டையில் உள்ள கம்பேர் வசதியைத் திறந்து, நீங்கள் அனுப்பிய கோப்பை மூலமாகவும் வந்த கோப்பைத் திருத்திய வடிவமாகவும் கொடுங்கள். அதே பெட்டியில் 'மோர்' என்பதை அழுத்தினால் வரும் பட்டியலில் ஃபார்மேட்டிங் (வடிவமைப்பு), ஒயிட் ஸ்பேஸ் (இடைவெளி) ஆகிய இரண்டின் தேர்வையும் நீக்கிவிடுங்கள். சிவப்பில் பெரும்பகுதி அப்போதே குறைந்துவிடும்.

மாற்றங்களை எழுத்து அளவில் காட்டுவதா, சொல் அளவில் காட்டுவதா என்பதையும் அங்கேயே தேர்ந்தெடுக்கலாம். தமிழுக்குச் சொல் அளவே ஏற்றது. 'முன்பணத்தைத் திருப்பித் தர வேண்டும்' என்பது 'வேண்டாம்' ஆகியிருந்தால், மாறியது 'டு', 'டா' என்ற ஒரே எழுத்துதான். அதன் மேல் விழும் சின்னஞ்சிறு கோட்டைக் களைத்த கண் எளிதில் தாண்டிப் போய்விடும். பழைய சொல் முழுதாக அடிக்கப்பட்டு, புதிய சொல் முழுதாக அருகில் நின்றால் அப்படித் தவறவிட முடியாது. பழைய குறியீட்டு முறையான பாமினி எழுத்துருவிலிருந்து, இன்றைய பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடுக்கு மாற்றிய கோப்பு என்றால் மட்டும் இந்த வழி உதவாது. முழு உரையுமே மாறியதாகக் காட்டும். அப்போது உங்கள் பழைய கோப்பையும் யூனிகோடுக்கு மாற்றிவிட்டு ஒப்பிடுங்கள்.

ஒப்பீட்டில் எல்லா மாற்றங்களும் ஒரே பெயரில் வரும். யார் செய்த திருத்தம் என்பது முக்கியமானால், வந்த கோப்பையே திறந்து, ஷோ மார்க்அப் பகுதியில் வடிவமைப்பு மாற்றங்களை மட்டும் தெரியவிட்டு, 'அக்செப்ட் ஆல் சேஞ்சஸ் ஷோன்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். கண்ணுக்குத் தெரிபவை மட்டுமே ஏற்கப்படும். பிறகு சேர்த்தல், நீக்கல்களைத் தெரியவிட்டு வாசகங்களை ஒவ்வொன்றாகப் படியுங்கள்.

இதையெல்லாம் நாமே செய்ய வேண்டியிருப்பது மென்பொருளின் குறைதான் என்பேன். வேர்ட் திருத்தங்களைப் பக்க வரிசையில் நிறுத்துகிறதே தவிர, எடை பார்த்துப் பிரித்துத் தருவதில்லை. அதைவிடப் பெரிய குறை, ஒரு திருத்தத்தை ஏற்கலாம், மறுக்கலாம். 'பார்த்துவிட்டேன், வழக்கறிஞரைக் கேட்டுச் சொல்கிறேன்' என்று குறித்து வைக்க இடமில்லை. இப்போதைக்கு அத்தகைய இடங்களில் ஒரு கமெண்ட் போட்டு, முடிவானதும் அதை 'ரிசால்வ்' செய்துவிடலாம். வேர்டைப் போன்ற இலவச மென்பொருளான லிப்ரே ஆபிஸ் ரைட்டரில் திருத்தத்தின் மீதே குறிப்பு எழுதலாம். திருத்தங்களை நிர்வகிக்கும் பெட்டியில் ஆசிரியர், தேதி, குறிப்பு வாரியாக வடிகட்டவும் முடியும்.

இறுதிப் படியை அனுப்பும்போது 'நோ மார்க்அப்' காட்சியைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். அது குறிகளை மறைக்குமே தவிர நீக்காது. ஃபைல், இன்ஃபோ பகுதியில் உள்ள இன்ஸ்பெக்ட் டாகுமென்ட் (மறைந்திருக்கும் குறிகளைத் தேடித் தரும் வசதி) மூலம் ஒருமுறை சோதித்த பின் அனுப்புங்கள்.