உங்களுக்கு நாத்தனார், அவனுக்கு அத்தை

கேள்வி: கோத்தகிரி அருகே ஒன்றரை ஏக்கர் தேயிலைத் தோட்டம் வைத்திருக்கிறோம். என் 23 வயது மகன் பைக் விபத்துக்குப் பிறகு வலி மாத்திரைக்கு அடிமையாகி, பின்னர் அதைக் கரைத்து ஊசியாகவும் போட்டுக்கொண்டான். ஐந்து மாதமாகக் கோவையில் ஒரு தனியார் மருத்துவர் தரும் பியூப்ரெனார்பின் மாத்திரையால் நன்றாக இருந்தான். மருத்துவர் கட்டணம், மருந்து, பேருந்து, விட்டுப்போன வேலை எல்லாம் சேர்ந்து மாதம் 7,000 ரூபாய் ஆகிறது. மகளுக்கென்று வைத்திருந்த 3 பவுன் சங்கிலியும் அடகுக்குப் போய்விட்டது. இரண்டு வாரமாக மாத்திரையைப் பிளேடால் பாதியாக வெட்டிக் கொடுக்கிறேன். விடியற்காலையில் குளிரில் நடுங்குகிறான், கம்பளி போர்த்துகிறேன். உதகை அரசு மருத்துவமனையில் என் நாத்தனார் செவிலியராக இருப்பதால் அங்கே போக முடியாது. குறைந்த செலவில் மருந்து கிடைக்க வழி உண்டா?

பதில்: சகோதரி, உங்கள் செலவுக் கணக்கை ஒருமுறை படித்தேன், நாத்தனாரைப் பற்றிய அந்த ஒற்றை வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். மலையிறங்கிக் கோவைக்குப் போவதும், சங்கிலி அடகுக்குப் போனதும், பிளேடு உங்கள் கைக்கு வந்ததும் அந்த வரியிலிருந்துதான் தொடங்குகின்றன. மாதாமாதம் நீங்கள் செலவழிக்கும் 7,000 ரூபாயில் பெரும்பங்கு, இந்தச் செய்தி அவர் காதுக்கு எட்டாமல் இருப்பதற்காகவே போகிறது.

அதற்கு முன், பிளேடைக் கீழே வையுங்கள். பிறந்ததிலிருந்து கோத்தகிரிக் குளிரிலேயே வளர்ந்த பிள்ளை திடீரென்று விடியற்காலையில் நடுங்குகிறான் என்றால், மயிர்க்கூச்செறிகிறதா, கண்ணிலும் மூக்கிலும் நீர் வடிகிறதா, ஓயாமல் கொட்டாவி விடுகிறானா, வயிறு கலங்குகிறதா என்று பார்த்திருக்க வேண்டும். மருந்து போதாதபோது உடல் இப்படித்தான் முறையிடும், அதற்குக் கம்பளி மருந்தாகாது. வலி மாத்திரை பற்றிக்கொள்ளும் அதே இடத்தை மூளையில் பியூப்ரெனார்பின் பிடித்துக்கொண்டு, போதை ஏற்றாமல் ஏக்கத்தைத் தணிக்கிறது. அளவு குறைந்தால் அந்த ஏக்கம் திரும்பி வருகிறது. அதைத் தாங்க முடியாமல் அவன் பழைய மாத்திரையைத் தேடிப் போனால், முன்பு தாங்கிய அளவை இப்போது உடல் தாங்காமல் மூச்சே நின்றுவிடக்கூடும். தூக்கம் வரட்டும் என்று தூக்க மாத்திரையோ, நடுக்கம் போகட்டும் என்று மதுவோ கொடுத்துவிடாதீர்கள், அவையும் இந்த மருந்தோடு சேர்ந்து மூச்சை அடக்கக்கூடியவை. இன்றே கோவை மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்து, பாதியாக வெட்டிக் கொடுத்ததை மறைக்காமல் சொல்லுங்கள்.

இனி நாத்தனார். கடிதத்தில் அவரை 'என் நாத்தனார்' என்றே எழுதியிருக்கிறீர்கள், அவனுடைய அத்தை என்று எழுத உங்களுக்குக் கை வரவில்லை. அவன் பிறந்தபோது தொட்டிலில் இட்டுப் பெயர் சொன்ன உரிமையும், அவன் திருமணத்தில் முன்னால் நிற்கப்போகிற உரிமையும் உள்ள அத்தைக்கு, அவன் நோயில் துணை நிற்க மட்டும் உரிமை இல்லையா? நல்ல நாளுக்கு மட்டும் உறவு, கெட்ட நாளுக்கு ஒளிவு என்று குடும்பம் நடத்துவதை நான் ஒருநாளும் ஏற்கமாட்டேன். இதைச் சொல்ல வேண்டியவர் உங்கள் கணவர். கூடப்பிறந்தவளிடம் தன் பிள்ளையின் நிலையைச் சொல்வது அவர் கடமை, அதையும் நீங்களே சுமக்காதீர்கள்.

அத்தைதான் வெளியே சொல்லிவிடுவார் என்று அஞ்சுகிறீர்களானால், ஒரு செவிலியருக்கு அந்த உரிமை இல்லை என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் மது, போதைப் பழக்கத்தோடு தொடர்புடைய மனநிலைகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் வைத்திருக்கிறது. நோயாளியின் விவரத்தை இரகசியமாகக் காப்பதைச் சிகிச்சையளிப்போரின் கடமையாக்குகிறது. அரசு நடத்தும் மனநலச் சேவையில் சிகிச்சை பெறுவதை உரிமையாகவும் அதே சட்டம் சொல்கிறது. நீங்கள் யாரிடமும் சலுகை கேட்டுப் போகவில்லை.

உங்கள் ஊரிலிருந்து உதகை ஏறத்தாழ 30 கிலோமீட்டர்தான். அங்கே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் மருத்துவர் கட்டணம் கிடையாது. பியூப்ரெனார்பின் சாதாரண மருந்துக்கடையில் கேட்டு வாங்கக்கூடிய மாத்திரை அன்று, கட்டுப்பாட்டுடன் சிகிச்சை மையங்களின் வழியே தரப்படுவது. ஆகவே மலிவான கடை தேடி அலைவதில் பயனில்லை. எந்த அரசு மையத்தில் இலவசமாகத் தருகிறார்கள் என்பதே நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி. அதை அந்த மனநல மருத்துவரிடமே கேளுங்கள். அவன் ஊசி போட்டவன் என்பதையும் ஒளிக்காமல் சொல்லுங்கள், ஏனெனில் ஊசிவழி போதை எடுத்தவர்களுக்கு எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் கீழ் இதே மருந்தை இலவசமாகத் தரும் மையங்கள் நாட்டில் இருக்கின்றன. ஹெச்ஐவி, ஹெபடைடிஸ் சி பரிசோதனைகளும் அவனுக்குச் செய்தாக வேண்டும். வீட்டிலிருந்தே விசாரிக்க மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண் 14446, தமிழக அரசின் மருத்துவ உதவி எண் 104.

மகளுக்கு வரன் பார்க்கும் பயமும் இதற்குள் இருக்கும் என்று நினைக்கிறேன். தன் சங்கிலி எங்கே போயிற்று என்று அவளுக்குத் தெரியுமா? தெரியாதென்றால் இன்றே சொல்லுங்கள். அவளுடைய பொருளை எடுத்துவிட்டு அவளுக்கே மறைப்பது சரியில்லை.

புதிய மருத்துவர் பொறுப்பேற்று அளவை எழுதித் தரும் வரை கோவை மருந்தை ஒரு நாளும் நிறுத்தாதீர்கள். ஐந்து மாதச் சீட்டுகளையும் காலி மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு வையுங்கள். உதகைக்குப் போகும் நாளை உங்கள் கணவர் தம் சகோதரியிடம் பேசி முடிவு செய்யட்டும். அன்று தந்தையும் அத்தையும் அவனுக்கு இருபுறமும் உட்காரட்டும்.